முப்பத்தொன்றாம் சீட்டு

போனக்காவுக்கு நின்றுகொண்டு பேசுவது ஆகாது. உட்கார்ந்து பேசியே இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கியவர் அவர். பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்விப் பிரிவில், மாடிப்படிக்குக் கீழே ஒரு விசாரணை மேசை. அதன்மேல் ஒரு தொலைபேசி, அதற்கு முன்னால் அக்கா. “புத்தகம் இன்னும் வரலைங்க”, “ரிசல்ட் எப்ப வரும்?”, “போட்டோ மாறி வந்திருக்கு, அது நான் இல்லைங்க” என்று நாள் முழுவதும் ஒரே பாட்டு. ஒரு நாளும் அவர் எரிந்து விழுந்ததில்லை. எதிர்முனையில் இருப்பவர் கத்தினால் அக்காவின் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும். கத்துகிறவரும் வேறு வழியில்லாமல் இறங்கி வருவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி. கடைநிலை ஊழியரிலிருந்து பதிவாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் போனக்காதான்.

பிறகு எல்லாம் கணினிக்குப் போனது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, வயது கேட்பதில்லை என்று பல்கலைக்கழகம் கதவைத் திறந்து வைத்தது. ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வந்த வேகத்தில் பெரும்பாலோர் திரும்பியும் போனார்கள். ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க நான்கு பேர் கொண்ட ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார்கள். அதன் தலைவி நாற்பது வயதுப் பேராசிரியை. விசாரணை மேசையை மூடிய மறுநாளே அவர் அக்காவைத் தேடி வந்தார்.

“ஆராய்ச்சி தெரிஞ்சவங்க எங்ககிட்ட இருக்காங்கக்கா. மனுஷங்ககிட்ட பேசத் தெரிஞ்சவங்கதான் இல்லை. வந்துடுங்க.”

ஆறு மாதத் தற்காலிக வேலை. ஆறு மாதம் முடிந்ததும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தலைவி முடிவு செய்வார். கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். படத்துக்குக் கீழே ‘ஆய்வாளர்’ என்று அச்சடித்திருந்தது. பள்ளி இறுதியோடு படிப்பை நிறுத்தியவர் அக்கா. அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, பெருமையடிப்பதாக யாராவது நினைத்துவிடப் போகிறார்கள் என்று அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே அட்டையைப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ஆய்வாளர் அம்மா வந்திருக்காங்க. நான் எழுந்து நிக்கணுமா, இல்லை உக்காந்துக்கலாமா?”

“டீ போட்டா உக்காந்துக்கலாம்” என்றார் அக்கா. ஆனால் அந்த அட்டையை மாட்ட அவர் அன்றைக்கே சுவரில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில், தலை வாரும்போது கண்ணில் படுகிற மாதிரி.

மூன்றாவது மாதம் தலைவி, மென்பொருள் கம்பெனிக்காரர்கள் நடத்திய ஒரு பயிற்சிக்குப் போனார். போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர். வாயைத் திறந்தால் ‘அஜைல்’. அது ஏதோ வலி நிவாரணியின் பெயர் என்றுதான் அக்கா முதலில் நினைத்தார்.

“வழக்கமா நாம என்ன பண்றோம்?” என்று தலைவி விளக்கினார். “மூணு வருஷம் ஆராய்ச்சி, நாலாவது வருஷம் அறிக்கை. அதுக்குள்ள பாடமே மாறிடுது, படிக்க வந்தவங்க பேரன் பேத்தி எடுத்துடறாங்க. இனிமே எல்லாம் ரெண்டு ரெண்டு வாரச் சுற்று. சின்னதாச் செய்வோம். அரைகுறையா இருந்தாலும் காட்டுவோம். தப்புன்னு தெரிஞ்சா உடனே மாத்துவோம்.”

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. அதில் மூன்று பத்திகள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. வேலை நகர நகர சீட்டும் பத்தி விட்டுப் பத்தி நகர வேண்டும். தினமும் காலை ஒன்பதரைக்குப் பலகை முன்னால் நின்றபடி கால் மணி நேரக் கூட்டம். உட்கார்ந்தால் பேச்சு வளருமாம், அதனால் நாற்காலிக்குத் தடை. ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்யப் போகிறீர்கள், உங்கள் வேலைக்குக் குறுக்கே எது நிற்கிறது? முழங்கால் வலிக்கிறவர்கள் உட்காரலாம் என்று தலைவி அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா வேண்டாமென்றுவிட்டார். மற்ற மூவரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்தால், அட்டையில் அடித்திருப்பது பொய் என்று ஆகிவிடும்போல் அவருக்கு ஒரு நினைப்பு.

மற்ற இருவரில் ஒருவர் புள்ளியியல் நிபுணர். பட்டப்பெயர் சராசரி. “மழை வருமா சார்?” என்று கேட்டால்கூட “சராசரியா பார்த்தா வராது” என்பார். இன்னொருவர் வாத்தியார். ‘எண்களோடு பழகுவோம்’ என்ற புள்ளியியல் தொடக்கப் பாடத்தை எழுதி, அதைக் காணொளியில் நின்று நடத்தியவர். திரையில் பார்த்தால் கறார்ப் பேர்வழி. நேரில் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் சர்க்கரை டப்பாவை எடுத்துத் தரச் சொல்லக்கூட வாய் வராமல் சர்க்கரையில்லாத தேநீரைக் குடித்துவிட்டுப் போகிற மனிதர்.

அலுவலகத்தில் நடப்பதையெல்லாம் அக்கா வீட்டில் வந்து சொல்வார். சொன்னதன் பலன், மறுவாரமே குளிர்பதனப் பெட்டியின் கதவில் மூன்று பத்திகள் முளைத்தன. ‘செய்ய வேண்டியது’ பத்தியில் வீட்டுக்காரரின் எழுத்தில் ஒரு சீட்டு: ‘மின்விசிறி துடைத்தல். பொறுப்பு: ஆய்வாளர்.’ அக்கா பொறுப்பு என்ற இடத்தில் அடித்துவிட்டு ‘மெக்கானிக்’ என்று எழுதினார். அந்தச் சீட்டு நகரவே இல்லை. மின்விசிறியும் அப்படியே இருந்தது.

மூன்றாவது கேள்விக்கு அக்காவிடம் எப்போதும் ஒரே பதில். “எனக்குக் குறுக்கே ஒண்ணும் இல்லைங்க.”

அது முழுப் பொய். அந்த அறையில் பேசுகிற பாஷையே அவருக்குக் குறுக்கேதான் நின்றது. மாதிரிக் கூறு என்றார்கள், இடைநிலை என்றார்கள், திட்ட விலக்கம் என்றார்கள். அக்கா தலையை ஆட்டினார். எவ்வளவு நன்றாக ஆட்டினார் என்றால், ஒரு நாள் தலைவியோடு நடந்த வாக்குவாதத்தில் சராசரி, “பாருங்க, போனக்காவே ஒத்துக்கிட்டாங்க” என்று அவரைச் சாட்சிக்கு இழுத்தார். எதை ஒத்துக்கொண்டோம் என்று தெரியாமல் அக்கா அன்று முழுக்கக் கலங்கிப்போயிருந்தார்.

அதனால் யாருக்கும் தெரியாமல் வாத்தியாருடைய பாடத்திலேயே சேர்ந்தார். பெயர் கட்டாயமில்லை, தொலைபேசி எண் மட்டும் போதும் என்றிருந்தது. தன் எண் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், வீட்டுக்காரரின் பழைய செல்போன் எண்ணைக் கொடுத்தார். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு படித்தார். ஐந்து பாடங்கள் ஓடின. சொல்லப்போனால் பறந்தன. ஆறாவது பாடம் திட்ட விலக்கம், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற கணக்கு. அதன் நாலாவது நிமிஷத்தில் வாத்தியார் திரையில் நிமிர்ந்து நின்று, “ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்துகிறோம். ஏன் என்பது உங்களுக்கே தெரியும்” என்றார்.

அக்காவுக்குத் தெரியவில்லை. திருப்பிப் போட்டார். உங்களுக்கே தெரியும் என்றார் வாத்தியார். மறுநாளும் போட்டார், மறுநாளும் அதையே சொன்னார். அதே வாத்தியார் அலுவலகத்தில் ஆறடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் கழுத்தில் ஆய்வாளர் என்று தொங்கும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது? ஒன்பதாம் நாள் மடிக்கணினியை மூடினார். மறுபடி திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு புதிய சுற்று தொடங்கியது. ‘எண்களோடு பழகுவோம்’ பாடத்தை நடுவில் விட்டவர்களில் நாற்பது பேரைக் கணினி குலுக்கி எடுத்தது. பெயர் கிடையாது, வரிசை எண்ணும் தொலைபேசி எண்ணும் மட்டும். சராசரி ஒவ்வொன்றையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா இடத்தில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டே வந்தவர், முப்பத்தொன்றாம் சீட்டில் நின்றுவிட்டார். அது வீட்டுக்காரரின் பழைய எண்.

முகத்தில் ஈயாடவில்லை. தொடக்கப் பாடத்தில் ஆறாவதைத் தாண்ட முடியாதவர் ஓர் ஆய்வாளரா என்று கேட்டால் என்ன சொல்வது? அடுத்த மாதம் தலைவி முடிவு செய்யப்போகிற நேரம் வேறு. தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை என்று எழுதிவிட்டால் சீட்டு தானாக முடிந்துபோகும், கேட்பாரில்லை. ஆனால் இருபத்தாறு வருஷ அழைப்புப் பதிவேட்டில் அக்கா ஒரு வரிகூடப் பொய்யாக எழுதியதில்லை. எழுதவும் முடியாமல், அழைக்கவும் முடியாமல், எல்லாச் சீட்டையும் பலகையின் முதல் பத்தியில் ஒட்டி, அதை மட்டும் அடியில் தள்ளிவிட்டு மற்ற முப்பத்தொன்பது பேரை அழைக்கத் தொடங்கினார்.

எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். “நல்ல பாடம்ங்க, நேரம்தான் இல்லை” என்றார் பன்னிரண்டாம் சீட்டுக்காரர். ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறவர், பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. அடுத்தவரும் நேரமில்லை என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். முப்பத்தொன்பதில் இருபத்தாறு பேருக்கு நேரமில்லை. சராசரி ஒரு படம் வரைந்தார். ‘நேரமின்மை’ என்ற தூண் மற்ற தூண்களுக்கு நடுவில் மாடி வீடு மாதிரி நின்றது.

“பாதிப் பேருக்கு மேல ஆறாவது பாடத்துல விட்டிருக்காங்களே சார்?” என்று அக்கா மெல்லக் கேட்டார்.

“அது வெளியானது பரீட்சை மாசம்க்கா. எல்லாருக்கும் வீட்ல வேலை இருந்திருக்கும்.”

பாடங்களை இன்னும் சுருக்க வேண்டும் என்பதுதான் குழுவின் பரிந்துரையாக இருக்கும்போலத் தெரிந்தது. அக்காவுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால் அதைச் சொல்லப்போனால் முப்பத்தொன்றையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

பலகை வாயை மூடிக்கொள்ளவில்லை. பதினோராம் நாள் காலைக் கூட்டத்தில் சராசரி விரலை நீட்டினார். “முப்பத்தொண்ணு மட்டும் நகரவே இல்லையே?”

“விடுங்க, நானும் அக்காவும் சேர்ந்து உக்காந்து முடிச்சுடறோம்” என்றார் தலைவி. ஒரு வேலைக்கு இரண்டு பேர் சேர்ந்து உட்காருவதும் அவர் பயிற்சியில் கற்றுவந்த ஒரு வழக்கம். “பேட்டி எப்படிப் போகுதுன்னு எனக்கும் கேக்கணும். ஸ்பீக்கர்ல போடுங்க.”

அந்தப் பழைய போன் அலமாரியில் செத்துக் கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அக்கா எண்ணை அழுத்தினார். ஆனால் எந்தச் சாதனத்தையும் சாக விடாத மனிதரை அல்லவா கட்டிக்கொண்டிருக்கிறார்? மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்.

“ஹலோ?”

“வணக்கம். நான் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவிலேர்ந்து பேசறேன். ‘எண்களோடு பழகுவோம்’ பாடத்துல நீங்க சேர்ந்திருந்தீங்க. பத்து நிமிஷம் பேசலாமா? ஸ்பீக்கர்ல இருக்கீங்க. எங்க பேராசிரியரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. பதிவும் ஆகுது.”

எதிர்முனையில் ஒரு வினாடி மூச்சில்லை. சொந்தப் பெண்டாட்டி அந்நியக் குரலில் பேசுகிறாள் என்றால் அவள் எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று விளங்க, முப்பது வருஷக் குடித்தனம் செய்தவருக்கு அந்த ஒரு வினாடி போதும்.

“பேசலாங்க... மேடம்.”

அவர் வாழ்நாளில் அக்காவை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“லிஃப்ட்...”

அக்கா பலமாக இருமினார்.

“லிஃப்ட் மாதிரிதாங்க. மேல கீழ போயிட்டு வர்ற வேலை.”

தலைவி தன் தாளில் ‘பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவர்?’ என்று குறித்துக்கொண்டார்.

“எந்தப் பாடத்தோட நிறுத்தினீங்க?”

“ஆறு.”

“ஏன்? நேரம் கிடைக்கலையா?” அக்காவே கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் கம்பி நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை.

“நேரமெல்லாம் இருந்துச்சுங்க. தினம் அஞ்சு மணிக்கே எழுந்து உக்காந்தாச்சு. அஞ்சு பாடம் ஓடுற வரைக்கும் அந்த முகத்தைப் பார்க்கணுமே! டீ போடறப்ப வாயில பாட்டு. வீட்ல இருக்கற கரண்டிக்கெல்லாம் நீளம் அளந்து சராசரி போட்டாச்சு. ஆறாவதுல அந்த வாத்தியார் நாலாவது நிமிஷத்துல, ‘ஏன்னு உங்களுக்கே தெரியும்’ங்கறாரு. தெரியலையே. திருப்பிப் போட்டா அவரும் திருப்பி அதையே சொல்றாரு. ஒம்பது நாள் அதே நாலாவது நிமிஷம். காதுல மாட்டிக்கிட்டாலும் சத்தம் வெளிய கசியும்ங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கறவனுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கடைசி நாள் பெட்டியை மூடியாச்சு, உக்காந்து அழுதாச்சு, முகத்தைக் கழுவிட்டு வந்து, ‘டீ வேணுமா’ன்னு கேட்டாச்சு. அவ்வளவுதான்.”

அக்காவின் பேனா நின்றுவிட்டது. அந்த ஒன்பது நாளும் அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தார். தாளில் அடுத்த கேள்வி இருந்தது. அதைப் படிக்கத்தான் வேண்டும். படித்தார். குரல் வழக்கத்தைவிட இறங்கிப்போயிருந்தது.

“பாடத்தை விட்டப்ப எப்படி இருந்துச்சு?”

“எனக்குக் கோவம்தாங்க வந்துச்சு. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கறவங்க ஒரு பட்டனை அமுக்குவாங்க. வெளியிலேர்ந்து ஒருத்தன், ‘இருக்கேங்க, பயப்படாதீங்க’ன்னு குரல் குடுப்பான். சரிபண்றது அப்புறம்தான். முதல்ல அந்தக் குரல். உங்க பாடத்துல அமுக்கறதுக்கு ஒரு பட்டன்கூட இல்லையே மேடம்.”

“மறுபடி படிப்பீங்களா?”

“படிக்கணுங்க. நல்லா வரும் அவளுக்கு” என்றவர், சொன்னது காதில் விழுந்ததும் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

தலைவி பதிவை நிறுத்தினார். பிறகு, “அக்கா, நாப்பதுல இந்த மாதிரி ஒரு பேட்டி வரலை” என்றார். “வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகப் பெரியவங்களுக்குக் காட்டும்போது இந்தப் பதிவைத்தான் முதல்ல போடப்போறோம். ஆமா, கடைசியில அவளுக்குன்னாரே, யாரைச் சொன்னாரு?”

“வீட்டுக்காரம்மாவா இருக்கும்” என்றார் அக்கா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

தலைவி தன் கையாலேயே முப்பத்தொன்றாம் சீட்டை எடுத்து ‘முடிந்தது’ பத்தியில் ஒட்டினார்.

அன்று மாலை வீட்டுக்காரர் திருட்டு முழி முழித்துக்கொண்டு கதவைத் திறந்தார். அக்கா திட்டவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

“முழிச்சுக்கிட்டா இருந்தீங்க, அந்த ஒம்பது நாளும்?”

“எழுந்து வந்தா நீ பெட்டியை மூடிடுவே. அதான் படுத்தே கிடந்தேன்.” பிறகு அவசரமாக, “ஆனா நான் பொய் சொல்லலை. படிச்சேன்னு ஒரு இடத்துலகூட வாய் தவறிச் சொல்லலை. கோவம் வந்துச்சுன்னு சொன்னேன், அது என் கோவம்தான்” என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனிதர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்போம் என்று நினைத்தார். நினைத்ததை வாய்விட்டே சொன்னார். அவர் கூச்சப்பட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஏணியைக் கொண்டுவந்து போட்டு மின்விசிறியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“அந்தப் பேட்டி செல்லாதுங்க” என்று கீழேயிருந்து அக்கா சொன்னார். “படிச்சவ நான். பேசினது நீங்க. வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக் காட்டப்போறாங்க.”

“நல்லதுதானே நடக்குது? விட்டுடேன்.”

“நாப்பதுல ஒண்ணு பொய்யின்னா மத்த முப்பத்தொம்பதையும் நான் எந்த வாயால உண்மைன்னு சொல்றது?”

அவர் ஏணியில் நின்றபடி யோசித்தார். “சொன்னா அட்டை போயிடுமே.”

போனால் போகட்டும் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. அந்த அட்டை அவருக்கு வேண்டியிருந்தது. இந்த வயதில் ஒன்றை இவ்வளவு ஆசைப்படுவோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு நால்வரும் பலகை முன்னால் நின்றார்கள். அக்காவின் முறை வந்தது. குறுக்கே என்ன நிற்கிறது என்று தலைவி கேட்கும்போதே அக்கா போய் ‘முடிந்தது’ பத்தியிலிருந்து முப்பத்தொன்றாம் சீட்டைப் பிய்த்து, முதல் பத்தியில் ஒட்டினார்.

“இது முடியலைங்க. அந்த முப்பத்தொண்ணு நான்தான். நேத்துப் பேசினது என் வீட்டுக்காரர். ஆறாவது பாடத்துக்கு மேல எனக்கு ஏறலை. இங்க நீங்க பேசறதுல பாதிக்கு நான் சும்மா தலையைத்தான் ஆட்டிக்கிட்டிருந்தேன்.”

“அப்ப அந்தப் பேட்டி செல்லாது” என்றார் சராசரி. அவருக்கு வருவது அதுதான். வாத்தியாரின் காது இரண்டும் சிவந்துபோயின.

தலைவி போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து பலகைக்கு முன்னால் போட்டு அக்காவை உட்கார வைத்தார். இன்னொன்றை இழுத்துத் தானும் எதிரில் உட்கார்ந்தார். இதைப் பார்த்து மற்ற இருவரும் ஆளுக்கொன்று இழுத்துக்கொண்டார்கள். நின்றபடி நடக்கும் கூட்டம் அன்று உட்கார்ந்துவிட்டது. மேசையிலிருந்து கேள்வித்தாளை எடுத்த தலைவி, அக்கா அத்தனை பேரிடமும் கேட்ட அதே கேள்வியை அக்காவிடம் கேட்டார்.

“ஏன் நிறுத்தினீங்க?”

“நேரமில்லைங்க” என்றார் அக்கா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எல்லோர் முன்னாலும் உண்மையை ஒப்புக்கொண்ட வாய்தான் அதையும் சொன்னது.

“பாருங்க! இத்தனைக்கும் அப்புறம் வாயில அதுதான் வருது” என்றார் திகைத்துப்போய். “நேரம் இருந்துச்சு மேடம். தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

சராசரி மெல்லத் திரும்பி, சுவரில் மாடி வீடாக நிமிர்ந்து நின்ற தன் தூணைப் பார்த்தார். இருபத்தாறு பேர். அவர் எந்தச் சராசரியும் சொல்லவில்லை.

வாத்தியார்தான் தொண்டையைச் செருமினார். “அக்கா, அந்த இடம் எனக்கே காலேஜ்ல புரியாத இடம். எனக்குச் சொல்லிக்குடுத்தவரும் ‘உங்களுக்கே தெரியும்’னுதான் சொன்னாரு. நான் கேக்கலை. பின்னாடி நானாத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா கேமரா முன்னாடி அந்த இடம் வந்ததும், அவர் சொன்னதே என் வாயில வந்துடுச்சு.” நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்திக்கொண்டார். “நீங்க மூணு பேர்கிட்ட பேசறீங்க. பத்து நிமிஷம், இருபது, முப்பது. சராசரி இருபது. ஒருத்தர் பத்து குறைவு, ஒருத்தர் பத்து அதிகம். ரெண்டையும் கூட்டினா?”

“ஒண்ணுமில்லை. சரியாப் போயிடும்.”

“அப்ப மூணு பேச்சும் ஒரே நீளம்னு ஆகுது. அது பொய்தானே? வர்க்கப்படுத்தினா, அதாவது அதை அதாலேயே பெருக்கினா, கழித்தல் குறி போயிடும். இந்தப் பக்கம் ஒரு நூறு, அந்தப் பக்கம் ஒரு நூறு. ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்காது.”

“அவ்வளவுதானா?” என்றார் அக்கா.

“அவ்வளவுதாங்க.”

ஒன்பது நாள் முட்டி மோதியது இந்த ஒரு நிமிஷத்துக்கா என்று அக்காவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் இந்த அறையில் அவர் முதல்முறையாகக் கோபப்பட்டார். “இதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!” என்றார். “தொலைச்சிருக்கலாம்” என்று வாத்தியார் பணிவாக ஒத்துக்கொண்டார்.

தலைவி கேள்வித்தாளை நடுவில் வைத்து, அக்கா திணறிப்போன அந்தக் கேள்வியின் மேல் ஒரு கோடு இழுத்தார். பழைய முறையாக இருந்தால், ஒரு தடவை எழுதிய கேள்வியை ஆய்வு முடியும்வரை தொட முடியாது. இப்போது அப்படியில்லை. “அடுத்த சுற்றுக்கு இந்தக் கேள்வி வேண்டாம். அந்த இருபத்தாறு பேர்கிட்டயும் மறுபடி பேசணும். எப்படிக் கேக்கணும்னு நீங்க எழுதுங்கக்கா.”

“சரிங்க.” அக்கா தயங்கினார். “அப்ப அட்டை?”

“எந்த அட்டை?” என்றார் தலைவி. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அக்கா விளக்கவும் இல்லை.

புதிய கேள்விகளை எழுத அக்காவுக்கு இரண்டு நாள் ஆனது. எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, கடைசியில் கேள்வியே இல்லாமல் பன்னிரண்டாம் எண்ணை அழைத்தார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் சலவை நிலையத்துக்காரர் எடுத்தார்.

“நேரமில்லைன்னு அன்னிக்கே சொன்னேனேங்க.”

“சொன்னீங்க. நான்தான் சரியாக் கேக்கலை. இப்பவும் கேக்கப்போறதில்லை, ஒண்ணு சொல்லத்தான் கூப்பிட்டேன். நானும் அந்தப் பாடத்துல சேர்ந்தேன். ஆறாவதுல நின்னுட்டேன்.”

இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் நடக்கிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கதவைச் சாத்திக்கொண்டார் போலிருக்கிறது, இரைச்சல் அடங்கியது. மறுபடி பேசியபோது அந்தக் குரல் தணிந்திருந்தது.

“நாலாவது நிமிஷத்துலயாக்கா?”

அக்கா என்று கூப்பிடும்படி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. போனக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொள்ள இருபத்தாறு வருஷப் பழக்கம் இருந்தும், அன்று பார்த்துக்கொள்ளத் தோன்றவில்லை.

“ஆமாங்க” என்றார். “அதே இடந்தான்.”